பெயரும் பாலும் பருவமும்: தாவும் சிலந்திகளை இனங்காணல்

நுழையும்முன்

ஓர் உயிரைக் கண்டவுடன், 'இதன் பெயர் யாது? இஃது ஆணா, பெண்ணா? இளையதா, முதிர்ந்ததா?' என வினவுவது தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களின் இளமைப் பெயர்களையும் ஆண்பாற் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் தனித்தனியே வகுத்துக் கூறுகிறது. யானையில் ஆண் களிறு, பெண் பிடி, இளையது கன்று. பெருவிலங்குகளிடம் இம்மூன்று வினாக்களுக்கும் விடை எளிதில் கிடைத்துவிடும். விரல்நக அளவேயான ஒரு சிலந்தியிடம் அவற்றைக் கேட்டால் விடை எவ்வாறு கிடைக்கும்? அவ்விடையில் எவ்வளவு உறுதி இருக்கும்? இவற்றை விளக்குவதே இப்பாடம்.

வலை பின்னாத வேட்டையாளர்

சிலந்தி என்றதும் வலையே பலரின் நினைவுக்கு வரும். ஆயினும் எல்லாச் சிலந்திகளும் வலை பின்னி இரை பிடிப்பதில்லை. வீட்டுச் சுவரிலும் சன்னல் விளிம்பிலும் செடியின் இலையிலும் சிறு சிலந்திகள் சில நடமாடுவதைக் காணலாம். அவை சில அடி நடந்து நிற்கும், திரும்பிப் பார்க்கும், ஈயையோ கொசுவையோ கண்டால் பதுங்கி நெருங்கி ஒரே தாவலில் பற்றிக்கொள்ளும். இவையே தாவும் சிலந்திகள். அறிவியலார் இவற்றின் குடும்பத்தைச் சால்டிசிடே என்பர்.

சிலந்திக் குடும்பங்களுள் மிகப் பெரியது இதுவே. உலகெங்கும் 6,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இக்குடும்பத்தில் அடங்கும். 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் உலகச் சிலந்திப் பட்டியலில் 50,000ஆவது சிற்றினம் பதிவாயிற்று. தென் அமெரிக்காவில் வாழும் அச்சிலந்தியும் ஒரு தாவும் சிலந்தியே.

தாவுவதற்கு இவை வெட்டுக்கிளியைப் போலப் பருத்த தொடைகளை நம்பியிருப்பதில்லை. உடலிலுள்ள குருதிநீரின் அழுத்தத்தைத் திடீரெனக் கூட்டிப் பின்கால்களை நீட்டுவதால் உடல் முன்னோக்கி எறியப்படுகிறது. தாவுமுன் ஓர் இழையை நின்ற இடத்தில் ஒட்டிவிட்டே தாவும். தாவல் தவறினாலும் அவ்விழையைப் பற்றிக்கொண்டு மீளும். இவையும் நூல் நூற்கும். ஆனால் அந்நூல் இரை பிடிப்பதற்கன்று. உறங்கவும் தோலுரிக்கவும் முட்டையிடவும் வேண்டிய பட்டுக்கூடு அமைப்பதற்கே.

முதற்படி: கண்களைக் காணல்

பிடிபட்ட சிலந்தி தாவும் சிலந்திதானா என்பதை முதலில் உறுதி செய்தல் வேண்டும். தாவுவதைக் கண்டு மட்டும் முடிவு செய்தல் கூடாது. பூனைக்கண் சிலந்தி எனப்படும் வேறொரு குடும்பத்துச் சிலந்திகளும் இலைக்கு இலை தாவக்கூடியவை. ஐயத்தை அகற்றுவது கண்களின் அமைப்பே ஆகும்.

தாவும் சிலந்திக்கு எட்டுக் கண்கள் உண்டு. முகத்தின் முன்வரிசையில் நான்கு கண்கள் உள்ளன. அவற்றுள் நடுவிலுள்ள இரண்டும் மிகப் பெரியவை. ஊர்தியின் முகப்பு விளக்குகளைப் போல நேரே நோக்குபவை. இவற்றின் இருபுறமும் சற்றுச் சிறிய கண்கள் இரண்டு உண்டு. எஞ்சிய நான்கும் தலைமார்பின் மேற்புறத்தில் பக்கத்திற்கு இரண்டாக அமைந்துள்ளன. ஓநாய்ச் சிலந்தியிலோ முன்வரிசைக் கண்கள் நான்கும் சிறியவை. அவற்றின் மேலேதான் பெரிய கண்கள் இருக்கும். முகத்தை நேரே நோக்கும் ஒருவர் இவ்விரண்டையும் எளிதில் வேறுபடுத்தலாம்.

பெயர் அறிதல்

குடும்பத்தை அறிந்தபின் சிற்றினத்தை அறிய முயலலாம். இந்தியாவில் மக்கள் வாழும் இடங்களிலும் தோட்டங்களிலும் பரவலாகக் காணப்படும் ஐந்து இனங்கள் தொடக்க நிலையில் பயில்வோருக்கு ஏற்றவை.

முதலாவது, பிளெக்சிப்பஸ் பேகுல்லி. இது வெப்பநாடுகள் பலவற்றில் கட்டடங்களைச் சார்ந்து வாழ்வது. ஆண் கறுப்பும் வெள்ளையுமான நெடுங்கோடுகள் உடையது. பெண் பழுப்பு நிறத்தது. நடுவில் வெளிறிய அகன்ற பட்டை ஒன்று ஓடும். இருபாலிலும் வயிற்றுப்பகுதியின் பின்பாதியில் ஓரிணை வெண்புள்ளிகள் தென்படும்.

இரண்டாவது, மெனெமெரஸ் பைவிட்டேட்டஸ். சுவரோடு ஒட்டியதுபோன்ற தட்டையான உடலும் சாம்பல் நிற மயிர்களும் இதன் அடையாளங்கள். வெயில் படும் சுவர்களில் இதனை மிகுதியாகக் காணலாம். ஆணின் வயிற்றுப்பகுதியில் நடுவே கரும்பட்டை ஒன்று ஓடும். பெண்ணிலோ இரு ஓரங்களிலும் கரும்பட்டைகள் ஓடிப் பின்முனையில் ஒன்றுகூடும்.

மூன்றாவது, ஹசாரியஸ் அடன்சோனி. பிரான்சு நாட்டு இயற்கையியலாளர் மிசேல் அடன்சனின் பெயரைத் தாங்கியது. ஆண் கரிய உடலும், முகத்தில் செந்நிறமும், வயிற்றின் முன்விளிம்பில் வெண்பிறை போன்ற வளைவும் கொண்டது. பெண்ணோ எவ்வணியுமற்ற பழுப்பு நிறத்தது.

நான்காவது, டெலமோனியா டிமிடியாட்டா. இஃது இலைகளுக்கிடையே வாழ்வது. பெண்ணின் வெளிர்மஞ்சள் வயிற்றில் இரண்டு செந்நிற நெடுங்கோடுகள் உண்டு. ஆணின் உடல் இருண்டது. ஆங்காங்கே வெண்குறிகள் கொண்டது. கண்களைச் சுற்றிச் செம்மயிர் சூழ்ந்தது.

ஐந்தாவது, மிர்மாபிளாட்டா பிளாட்டலியாய்டெஸ். இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு என்னும் செவ்வெறும்பைப் போலவே தோன்றுவது. உடலில் எறும்பின் இடை போன்ற ஒடுக்கம் உண்டு. முன்னங்கால்களை எறும்பின் உணர்கொம்புகளைப் போல உயர்த்தி அசைக்கும். ஆணுக்குத் தாடைகள் முன்னோக்கி மிக நீண்டிருப்பதால், ஓர் எறும்பு மற்றோர் எறும்பைக் கவ்விச் செல்வதுபோல் தோன்றும்.

இவ்வைந்தையும் கண்டறிய நிறமும் வடிவமும் வாழிடமும் துணை செய்கின்றன. ஆனால் எல்லா இனங்களும் இவ்வாறு எளியன அல்ல. ஒரே பேரினத்தைச் சேர்ந்த இரு சிற்றினங்கள் வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றலாம். அத்தகைய நிலையில் அறிவியலார் நுண்ணோக்கியின் துணைகொண்டு இனப்பெருக்க உறுப்புகளை ஆராய்கின்றனர். பூட்டுக்கேற்ற திறவுகோல் போல, அவற்றின் நுண்ணமைப்பு இனந்தோறும் வேறுபடும். இவ்வுறுப்புகள் முழுமை பெறுவது முதிர்ந்த சிலந்தியில் மட்டுமே. எனவே சிற்றினத்தை உறுதியாகக் கூற வேண்டுமாயின் பாலையும் பருவத்தையும் அறிந்தே ஆக வேண்டும். மூன்று வினாக்களும் தனித்தனி அல்ல என்பது இங்கே விளங்கும்.

பால் அறிதல்

சிலந்தியின் வாயருகே, முதலிணைக் கால்களுக்கு முன்பாக, குட்டையான இரு உறுப்புகள் அசைந்துகொண்டே இருக்கும். கால்களைப் போலத் தோன்றினும் அவை நடப்பதற்கு உரியன அல்ல. பெடிபால்ப் எனப்படும் அவற்றை உணர்கால்கள் எனலாம். பாலை அறிய முதலில் நோக்க வேண்டியவை இவையே.

முதிர்ந்த ஆணின் உணர்கால் நுனி பருத்திருக்கும். குத்துச்சண்டை வீரரின் கையுறையை ஒத்திருக்கும். உருப்பெருக்கியால் நோக்கினால் அதன் அடிப்புறத்தில் கருநிற முடிச்சுகளும் முட்போன்ற நீட்சிகளும் தெரியும். பெண்ணின் உணர்கால் நுனிவரை மெலிந்து, ஒரு சிறு காலைப் போலவே இருக்கும்.

இவ்விடத்தில் பயில்வோர் பலரும் ஒரு தவறான முடிவுக்கு வருவதுண்டு. 'பருத்திருந்தால் ஆண், மெலிந்திருந்தால் பெண்' என்பது பாதி உண்மையே. இளம் ஆண் சிலந்தியின் உணர்காலும் மெலிந்தே இருக்கும். ஆகவே மெலிந்த உணர்காலை மட்டும் கண்டு பெண் எனக் கூறுதல் பொருந்தாது. பெண்ணை உறுதி செய்ய வயிற்றின் அடிப்புறத்தை நோக்க வேண்டும். வயிற்றின் முன்பகுதியில், மூச்சுவிட உதவும் இரு புத்தக நுரையீரல்களுக்கு இடையே, முதிர்ந்த பெண்ணுக்குக் கடினமான கருந்தகடு ஒன்று காணப்படும். அதனை எபிஜைன் என்பர். அத்தகடு தெளிவாகத் தெரிந்தால் அது முதிர்ந்த பெண் சிலந்தியே.

அடிப்புறத்தைக் காணச் சிலந்தியைப் புரட்டிப் போட வேண்டியதில்லை. தெளிவான கண்ணாடிக் குப்பியில் இட்டால் அதுவே சுவரில் ஏறும். மறுபுறத்திலிருந்து நோக்கினால் அடிவயிறு நன்கு புலப்படும்.

நிறமும் உருவமும் பாலை ஊகிக்கத் துணைசெய்யும். பெரும்பாலான இனங்களில் பெண் பெரியது. ஆண் சிறியதெனினும் ஒளிமிக்க நிறமும் நீண்ட முன்கால்களும் கொண்டது. ஆயினும் இளம் ஆண்கள் பலவும் பெண்ணின் நிறத்திலேயே வளர்ந்து, இறுதித் தோலுரிப்பின்போதுதான் ஆணுக்குரிய நிறத்தைப் பெறுகின்றன. எனவே நிறம் துணைச்சான்றே, முதற்சான்று அன்று.

பருவம் அறிதல்

சிலந்தியின் உடலைப் போர்த்தியுள்ள புறத்தோல் விரிந்து வளர்வதில்லை. பாம்பு சட்டை உரிப்பதுபோல, பழைய தோலை உரித்துவிட்டே சிலந்தி வளர்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் பட்டுக்கூட்டினுள் இருக்கும்போதே முதல் தோலுரிப்பை முடித்துவிடும். அதன்பின் வெளியேறித் தனித்து வேட்டையாடும். எத்தனை முறை தோலுரித்து முதிர்ச்சியை எட்டும் என்பது இனத்தையும் பாலையும் உணவையும் பொறுத்து மாறுபடும். முதிர்ச்சி எய்தியபின் தாவும் சிலந்தி தோலுரிப்பதில்லை.

இதனால் ஒரு முதன்மையான உண்மை பெறப்படுகிறது. வெளியில் பிடிபட்ட சிலந்தியின் வயதை நாள்கணக்கில் கூற இயலாது. அது பிறந்த நாளை எவரும் குறித்து வைக்கவில்லை. மிகுந்த உணவு பெற்ற சிலந்தி விரைந்து வளரும். பசித்த சிலந்தி மெல்ல வளரும். கூறக்கூடியது பருவம் மட்டுமே. அப்பருவங்கள் மூன்று.

இளம்பருவம்: உணர்கால்கள் மெலிந்திருக்கும், அடிவயிற்றில் தகடு இராது. இப்பருவத்தில் பாலை அறிவது அரிது.

முதிர்வுக்கு முந்தைய பருவம்: இன்னும் ஒரே ஒரு தோலுரிப்பு எஞ்சியிருக்கும் நிலை இது. ஆணின் உணர்கால் நுனி வீங்கியிருக்கும். ஆனால் வழவழப்பான உருண்டையாக இருக்குமேயன்றி, முடிச்சுகளோ முட்களோ தெரியா. பெண்ணின் அடிவயிற்றில் தகட்டின் மங்கிய சாயல் மட்டும் தோன்றலாம்.

முதிர்ந்த பருவம்: ஆணின் உணர்கால் முழு அமைப்புடன் இருக்கும், பெண்ணின் தகடு கருத்துத் தெளிவாக இருக்கும்.

முதிர்ந்தவற்றுள்ளும் புதியதையும் பழையதையும் ஓரளவு வேறுபடுத்தலாம். அண்மையில் தோலுரித்த சிலந்தியின் நிறம் பளிச்சிடும்; மயிர்கள் முழுமையாக இருக்கும். நாட்பட்ட சிலந்தியின் மயிர் உதிர்ந்து, முதுகில் வழுக்கை போன்ற இடங்கள் தெரியும். இழந்த கால் அடுத்த தோலுரிப்பில் சிறிதாக மீண்டும் முளைக்கும். முதிர்ந்தபின் இழந்த கால் முளைக்காது. ஆகவே ஒரு கால் மற்றவற்றைவிடக் குட்டையாகவும் மெலிந்தும் இருந்தால், அதனை அச்சிலந்தி வளர்பருவத்திலேயே இழந்திருக்க வேண்டும் என அறியலாம்.

வயிற்றின் பருமனை வயதுக்குச் சான்றாகக் கொள்ளுதல் கூடாது. நேற்று உண்ட சிலந்தியின் வயிறு பருத்திருக்கும். பலநாள் பட்டினி கிடந்ததன் வயிறு சுருங்கியிருக்கும். முட்டையிடவுள்ள பெண்ணின் வயிறு உருண்டு திரண்டிருக்கும். வயிறு அதன் உணவையும் கருவையும் காட்டுமேயன்றி வயதைக் காட்டாது.

ஓர் எடுத்துக்காட்டு

பள்ளிச் சுவரில் 5 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சிலந்தி பிடிபட்டதாகக் கொள்வோம். முன்வரிசையில் இரு பெரிய கண்கள் உள்ளன. ஆகவே அது தாவும் சிலந்தி. உடல் தட்டையானது, நிறம் சாம்பல், பிடித்த இடம் வெயில் படும் சுவர். ஆகவே அது மெனெமெரஸ் பேரினத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். உணர்கால்கள் மெலிந்துள்ளன, அடிவயிற்றில் தகடு இல்லை. ஆகவே அஃது இளையது.

இப்போது குறிப்பேட்டில் எழுத வேண்டியது யாது? 'மெனெமெரஸ் பைவிட்டேட்டஸ், பெண்' என எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அதற்குச் சான்று இல்லை. 'தாவும் சிலந்தி: உறுதி. மெனெமெரஸ் பேரினம்: ஓரளவு உறுதி. பருவம்: இளையது. பால்: அறிய இயலவில்லை' என எழுதுவதே முறை. இவற்றோடு இடம், நாள், நேரம், வாழிடம் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். மேற்புறம், முகம், பக்கவாட்டு, அடிப்புறம் ஆகிய நான்கு கோணங்களில் ஒளிப்படம் எடுத்து வைத்தால், பிறிதொரு நாள் வல்லுநர் ஒருவர் மேலும் தெளிவுபடுத்தக்கூடும்.

பிழையான பெயரின் விளைவு

ஒரு சிறு சிலந்தியின் பெயர் தவறினால் என்ன கேடு என வினவலாம். அறிவியல் வரலாற்றில் ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் வெவ்வேறு இனங்களாகப் பெயரிடப்பட்டதுண்டு. பின்னர் வந்த ஆய்வாளர்கள் பழைய மாதிரிகளை மீண்டும் ஆராய்ந்து அவற்றை ஒன்றுசேர்க்க வேண்டியதாயிற்று.

அச்சத்தால் விளையும் கேடு இதனினும் பெரிது. 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், கழிப்பறை இருக்கைகளின் அடியில் கொடிய நச்சுச் சிலந்தி ஒளிந்திருந்து மக்களைக் கொல்வதாக ஒரு பொய்ச்செய்தி மின்னஞ்சல் வழியே வட அமெரிக்காவில் பரவியது. அதில் கொலைகாரனாகப் பெயர் சுட்டப்பட்டது, ஆசியக் காடுகளின் இலைகளில் வாழும் டெலமோனியா டிமிடியாட்டா. அவ்வினத்தால் மனித உயிருக்கு ஊறு இல்லை. பெயரை அறிந்தவர் அச்செய்தியை நகைத்து ஒதுக்கியிருப்பர். அறியாதவர் கண்ணிற்பட்ட சிலந்தியையெல்லாம் நசுக்கியிருப்பர். ஈயையும் கொசுவையும் உண்டு வாழும் ஓருயிர், தவறான பெயரொன்றால் தண்டனைக்கு உள்ளாகிறது.

குப்பிக்குள் இருக்கும் உயிர்

பாலும் பருவமும் ஏட்டில் எழுதுவதற்கு மட்டும் உரியன அல்ல. குப்பிக்குள் இருக்கும் உயிரை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதையும் அவை உணர்த்துகின்றன. பல இனங்களின் வாழ்நாள் ஏறத்தாழ ஓராண்டே. முதிர்ந்த ஆணுக்கு எஞ்சியிருப்பது இன்னும் குறுகிய காலம். அக்காலத்தில் அது துணையைத் தேடி அலைகிறது. அதனைப் பல நாள்கள் அடைத்து வைத்தால் அதன் வாழ்நாளில் பெரும்பகுதியைப் பறித்ததாகும். முதிர்ந்த பெண் பட்டுக்கூட்டில் முட்டையிட்டு, குஞ்சுகள் வெளிவரும்வரை உடனிருந்து காக்கும் இயல்புடையது. கூட்டிலிருந்து அதனைப் பிரித்தால் முட்டைகள் எறும்புகளுக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளுக்கும் இரையாகக்கூடும். உணவை மறுத்து, நிறம் மங்கி, கூட்டுக்குள் அடைந்திருக்கும் இளஞ்சிலந்தி தோலுரிக்கக் காத்திருக்கலாம். அந்நிலையில் அதனைத் தொட்டு அலைத்தால் இறந்துபோக நேரிடும்.

எனவே கூட்டுக்குள் இருக்கும் சிலந்தியைப் பிடித்தல் கூடாது. வெளியில் நடமாடுவதைக் குப்பியால் மூடி, அடியில் தாளைச் செருகி மெல்ல எடுக்கலாம். விரலால் பற்றினால் கால் முறியும். குப்பியை வெயிலில் வைத்தலும் ஆகாது. நோக்கி முடித்தவுடன், பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். தேசியப் பூங்காக்களிலும் காப்பகங்களிலும் உரிய ஒப்புதலின்றி எவ்வுயிரையும் பிடித்தல் கூடாது.

சான்று உள்ளவரை கூறுதலும், இல்லாதபோது 'அறிய இயலவில்லை' எனத் துணிந்து எழுதுதலும் நல்ல ஆய்வாளரின் பண்புகள். அடுத்த தோலுரிப்புக்குப் பின் அதே சுவரில் அச்சிலந்தி மீண்டும் தென்பட்டால், விடுபட்ட விடையை அதுவே தரக்கூடும். அதற்கு அது முதலில் உயிரோடு இருத்தல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

புதிதாகக் கண்டறியப்படும் இனங்களுக்குச் சான்றோரின் பெயரைச் சூட்டுவது அறிவியல் மரபு. 2008ஆம் ஆண்டு மும்பைத் தாக்குதலின்போது ஆயுதம் ஏந்தியவனை உயிருடன் பிடிக்க உதவித் தம் உயிரை ஈந்த காவல்துறையைச் சேர்ந்த துக்காராம் ஓம்ப்ளேயின் நினைவாக, மகாராட்டிரத்தில் கண்டறியப்பட்ட தாவும் சிலந்தி ஒன்று 2021இல் ஐசியஸ் துக்காராமி எனப் பெயர் பெற்றது. கிரிக்கெட் வீரர் சச்சின் தெண்டுல்கரின் பெயரால் 2019இல் மற்றொரு தாவும் சிலந்திக்கு மாரெங்கோ சச்சின்தெண்டுல்கர் எனப் பெயரிடப்பட்டது.

சொல்லும் பொருளும்

தலைமார்பு – தலையும் மார்பும் இணைந்த உடற்பகுதி
பேரினம் – நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி
குருதிநீர் – சிலந்தியின் உடலில் ஓடும் நீர்மம்
முசுறு – இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு
ஊறு – தீங்கு
ஊகித்தல் – உய்த்துணர்தல்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. தாவும் சிலந்தியின் முன்வரிசையில் ______ கண்கள் உள்ளன.
2. முசுறு எறும்பைப் போலத் தோன்றும் சிலந்தி ______.
3. யானையின் பெண்பாற் பெயர் ______.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மெலிந்த உணர்காலை மட்டும் கண்டு பெண் எனக் கூறுதல் ஏன் பொருந்தாது?
2. குட்டையான கால் ஒன்று சிலந்தியின் பருவம் குறித்து உணர்த்துவது யாது?
3. வயிற்றின் பருமன் எவற்றைக் காட்டும்? எதைக் காட்டாது?

இ. விரிவான விடை எழுதுக.
பெயர், பால், பருவம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.

ஈ. மொழியை ஆள்வோம்.
1. பிரித்து எழுதுக: தலைமார்பு, வெண்புள்ளி, கருந்தகடு, முதற்சான்று.
2. 'தாவும் சிலந்தி' – பெயரெச்சம் எது எனக் கண்டறிந்து, அதனைப் பயன்படுத்தி வேறு இரு தொடர்கள் எழுதுக.
3. மான், கோழி, பசு ஆகியவற்றின் ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர், இளமைப் பெயர் ஆகியவற்றைத் தொகுக்க.

உ. செயல்திட்டம்
வீட்டிலோ பள்ளியிலோ காணும் சிலந்தி ஒன்றைப் பிடிக்காமல் பத்து நிமிடம் நோக்குக. உறுதியாகத் தெரிந்தவை, ஓரளவு தெரிந்தவை, அறிய இயலாதவை என மூன்று தலைப்புகளில் குறிப்பு எழுதுக.